அவையும் நாவும்

முன்னுரை

பொருட்பாலில் அமைச்சரின் இயல்புகளைக் கூறும் பத்து அதிகாரங்களுள் மூன்றைத் திருவள்ளுவர் பேச்சுக்கென்றே ஒதுக்கியுள்ளார். சொல்வன்மை (65), அவையறிதல் (72), அவையஞ்சாமை (73) என்பன அவை. நாட்டின் நலத்தைத் தாங்கும் ஒருவருக்கு அறிவு மட்டும் போதாது. அவ்வறிவை எடுத்துரைக்கும் ஆற்றலும், கேட்போர் தகுதியை உணரும் கூர்மையும், பலர் முன் நடுங்காத நெஞ்சும் வேண்டும் என்பது வள்ளுவர் உள்ளம். பேச்சுத் திறனைப் பொழுதுபோக்குக் கலைகளோடு சேர்க்காமல் பொறுப்புக்குரிய தகுதிகளோடு அவர் சேர்த்து வைத்திருப்பது எண்ணத்தக்கது.

மேடைப் பேச்சு என்றதும் நம் மாணவச் செல்வங்கள் பேச்சுப் போட்டியையும் பரிசுக் கோப்பையையும் நினைக்கின்றனர். கல்லூரியை விட்டு வெளியேறிய பின்னர் அவர்கள் பேசவேண்டிய இடங்கள் வேறு. வேலைக்கான நேர்முகத் தேர்வு, கிராம சபை, மஹல்லா ஜமாஅத்துக் கூட்டம், பெற்றோர் ஆசிரியர் கழகம், வழக்காடு மன்றம் எனப் பல அவைகள் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன. அங்கெல்லாம் நியாயம் தம் பக்கம் இருந்தும் எடுத்துரைக்க நா எழாமையால் இழப்புக்கு ஆளானோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவர்கள். ஆகவே இஃது அழகுக்கான பயிற்சி மட்டுமன்று, உரிமைக்கான பயிற்சியும் ஆகும்.

ஓர் உரையில் பொருள், வெளிப்பாடு என இரு கூறுகள் உண்டு. எதைச் சொல்வது என்பது பொருள். அதைக் குரலாலும் மூச்சாலும் நிறுத்தத்தாலும் பார்வையாலும் எவ்வாறு கேட்போரிடம் சேர்ப்பது என்பது வெளிப்பாடு. பின்னது குறித்தே இக்கட்டுரை பேசுகிறது.

நான் செய்த பிழை

பயிற்சி முறைகளைக் கூறுவதற்கு முன் ஆசிரியனாகிய நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லிவிடுவது கடமை. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், கல்லூரிகளுக்கிடையிலான பேச்சுப் போட்டி ஒன்றிற்கு இளங்கலை இரண்டாமாண்டு மாணவர் ஒருவரை ஆயத்தம் செய்தேன். பீடி சுற்றும் தாயின் மகன். கூச்சம் மிக்கவர், ஆயினும் நூலகத்தில் தவறாது காணப்படுபவர். ஏழு பக்க உரையொன்றை நானே எழுதினேன். எதுகையும் மோனையும் அடுக்கடுக்காக வந்து விழும் உரை. பத்து நாள் மாலைகளில் அதனை ஒப்பிக்கச் செய்தேன். ஓரெழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போட்டியன்று மூன்றாம் நிமிடத்தில் அடுக்குத் தொடரின் ஒரு சொல் அவருக்கு நழுவியது. அச்சொல்லோடு கோத்திருந்த அனைத்தும் நழுவின. தொடங்கிய இடத்திற்கே திரும்பிச் சென்று ஓடி வந்தார். அதே இடத்தில் மீண்டும் நின்றார். அரங்கில் சிலர் கைதட்டத் தொடங்கினர். அக்கைதட்டலின் பொருள் அனைவருக்கும் தெரியும். அவர் தலை கவிழ்ந்து கீழிறங்கினார். திரும்பி வரும் பேருந்தில், “இவ்வளவு உழைத்தும் கெடுத்துவிட்டாயே தம்பி” என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. அதன்பின் ஓராண்டுக் காலம் எந்த மேடைக்கும் அவர் வரவில்லை.

நெடுநாள் சென்றே என் தவறு எனக்குப் புலப்பட்டது. நான் அவருக்குப் பேசக் கற்றுத் தரவில்லை. என் சொற்களைச் சுமக்கக் கற்றுத் தந்தேன். சுமை சரிந்தபோது பழியையும் அவர் மீதே போட்டேன்.

அச்சம் குற்றமன்று

அவையச்சம் சிறியோர்க்கு மட்டும் உரியதென எண்ணுதல் வேண்டா. காந்தியடிகள் தம் தன்வரலாறாகிய ‘சத்திய சோதனை’யில் இதனை ஒளிவுமறைவின்றி எழுதியுள்ளார். இலண்டனில் மாணவராக இருந்தபோது மரக்கறி உணவாளர் கூட்டமொன்றில் எழுதி வைத்திருந்த உரையைப் படிக்க எழுந்து, பார்வை மங்கி உடல் நடுங்கியமையால் வேறொருவரைக் கொண்டு படிக்கச் செய்தார். பம்பாயில் தம் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, ஒரு கேள்வியும் எழாமல் அமர்ந்துவிட்டார். பின்னாளில் அக்கூச்சமே தமக்குச் சொற்சிக்கனத்தைக் கற்றுத் தந்ததென அவர் நன்றியோடு நினைவுகூர்கிறார்.

ஆங்கில நாட்டின் வின்ஸ்டன் சர்ச்சில், இளமையில் தம் உரைகளை மனப்பாடம் செய்து பேசும் வழக்கமுடையவர். 1904 ஏப்ரலில் நாடாளுமன்றப் பொதுமக்கள் அவையில் பேசிக்கொண்டிருக்கையில் உரையின் தொடர்ச்சி அறுந்து, முடிக்க இயலாமல் அமர்ந்தார். அதன்பின் குறிப்புகளைக் கையில் கொள்ளாமல் அவர் பேச எழுவதைத் தவிர்த்தார். பெரும் பேச்சாளர் எனப் பிற்காலத்தில் உலகம் போற்றிய ஒருவர், மனப்பாடத்தை நம்பிக் கெட்ட நாளும் உண்டு என்பதை நம் மாணவர் அறிதல் நன்று.

இறைத்தூதர்களுள்ளும் மூஸா நபி (அலை) அவர்கள், கொடுங்கோலன் அவைக்குச் செல்லுமாறு பணிக்கப்பட்டபோது, தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைவனிடம் இறைஞ்சினார்கள். நாவன்மை மிக்க தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் வேண்டினார்கள். தம் குறையை உணர்ந்து உதவி கோருதல் இழிவன்று என்பதற்கு இதனினும் மேலான சான்று வேண்டுமோ?

மூச்சும் முடிவுச் சொல்லும்

பேச்சு என்பது வெளிவிடும் மூச்சின் மீது ஏறிவரும் ஒலி. அச்சம் வரும்போது நாம் மார்பின் மேற்பகுதியால் மட்டும் குறுமூச்சு விடுகிறோம். அதனால் குரல் மெலிகிறது, வேகம் கூடுகிறது, தொடரின் கடைசியில் மூச்சு தீர்ந்துவிடுகிறது. இந்தக் கடைசிக் குறை பிற மொழிகளைக் காட்டிலும் தமிழில் பெருங்கேடு விளைப்பது. ஏனெனில் தமிழ்த் தொடரில் வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் நிற்பது. “இத்திட்டத்தை நாங்கள் எதிர்க்கிறோம்” என்பதா, “எதிர்க்கவில்லை” என்பதா என்பதைக் கேட்போர் அறிவது கடைசிச் சொல்லின் கடைசி அசையில்தான். அவ்வசையை விழுங்கிவிடும் பேச்சாளர், தம் கருத்தையே விழுங்கியவர் ஆகிறார்.

இதற்கான பயிற்சி எளிது. நேராக நின்று, தோள்களை உயர்த்தாமல், வயிறு மெல்ல விரியுமாறு மூச்சை உள்ளிழுக்க வேண்டும். பின் செய்தித்தாளின் ஒரு பத்தியை உரக்கப் படிக்க வேண்டும். ஒவ்வொரு தொடரின் இறுதிச் சொல்லும் முதற்சொல்லுக்கு நிகரான தெளிவோடு ஒலிக்கிறதா எனக் கவனிக்க வேண்டும். ஒலிக்கவில்லையெனில் தொடர் நீளம் என்று பொருள். அதனை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கிரேக்க நாட்டுச் சொல்வேந்தர் டெமாஸ்தனிஸ் மேட்டில் ஏறிக்கொண்டே உரை பயின்றார் எனவும், வாயில் கூழாங்கற்களை இட்டுப் பேசித் தம் திக்கலை வென்றார் எனவும் புளூட்டார்க் எழுதுகிறார். நமக்குக் கூழாங்கல் வேண்டா. நாள்தோறும் பத்து நிமிடம் போதும்.

எழுத்தின் பிறப்பிடம்

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் ‘பிறப்பியல்’ என்றொரு தனி இயலையே வகுத்துள்ளார். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகப் பிறக்கும் முறையை அவர் விளக்குகிறார். இவ்வியலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் என் இளமை நினைவுக்கு வரும். குர்ஆன் ஓதும் பள்ளியில் எங்கள் உஸ்தாது, ஒவ்வோர் அரபு எழுத்துக்கும் உரிய பிறப்பிடத்தை, அதாவது ‘மக்ரஜை’, தொண்டையையும் நாவையும் தொட்டுக் காட்டிக் கற்பிப்பார். ஸீனும் ஸாதும் ஒன்றாகிவிட்டால் மீண்டும் முதலிலிருந்து ஓத வேண்டும். வேறு வேறு மொழிகளுக்கு உரியவையாயினும், தஜ்வீதும் பிறப்பியலும் ஒரே ஒழுக்கத்தைக் கேட்கின்றன.

ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு முரண்பாட்டைக் காண்கிறேன். ஸாதுக்கு அஞ்சும் நா, ழகரத்துக்கு அஞ்சுவதில்லை. தென்மாவட்டங்களில் ‘வாழைப்பழம்’ ‘வாளைப்பளம்’ ஆகிறது. சென்னையிலோ ‘வாயப்பயம்’ ஆகிறது. வாளை என்பது மீன் என்பதை மேடையில் நிற்பவர் மறந்துவிடுகிறார். வலி, வளி, வழி, தலை, தளை, தழை, அரம், அறம், மனம், மணம் என வரும் சொற்களில் நா சற்று இடம் பிறழ்ந்தாலும் பொருள் முற்றிலும் மாறும். லகரத்துக்கு நா மேற்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்குச் சற்றே வளைந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு மேனோக்கி வளைந்த நுனிநா அண்ணத்தில் அழுந்தாமல் மெல்ல வருடி நிற்கும். கண்ணாடி முன் நின்று, இம்மூன்றையும் வரிசையாக ஒலித்துப் பழகினால் இரண்டு திங்களில் நா வசப்படும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். திருத்தமான ஒலிப்பு வேறு, வட்டார வழக்கை இழிவாகக் கருதுதல் வேறு. ஊர்ப் பேச்சின் உயிர்த்துடிப்பை உரையில் கொணர்பவரைத் தடுத்தல் ஆகாது. தந்தை பெரியார் மக்கள் வழக்கிலேயே மணிக்கணக்கில் பேசினார். ரா.பி. சேதுப்பிள்ளை செந்தமிழ் நடையில் எதுகை மோனை இயல்பாக அமையப் பேசினார். அறிஞர் அண்ணா அடுக்குமொழியால் அவையை ஆட்கொண்டார். மூவர் வழியும் வேறு. மூவரும் கேட்போர் நெஞ்சைச் சென்றடைந்தனர். ஒருவர் நடையை மற்றவர் இரவல் வாங்கவில்லை என்பதே நாம் கற்கவேண்டிய பாடம்.

நிறுத்தமும் மௌனமும்

குர்ஆன் ஓதுதலில் எங்கே நிறுத்துவது என்பதற்கு ‘வக்ஃப்’ என்னும் தனி விதிகளும் குறியீடுகளும் உள்ளன. நிறுத்தம் தவறினால் பொருள் தவறும் என்பதே காரணம். தமிழிலும் அவ்வாறே. “நேற்று வந்த தலைவரின் தம்பி” என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். ‘வந்த’ என்பதன் பின் நிறுத்தினால் வந்தவர் தம்பி. ‘தலைவரின்’ என்பதன் பின் நிறுத்தினால் வந்தவர் தலைவர். எழுத்தில் காற்புள்ளி செய்யும் பணியை மேடையில் மூச்சே செய்கிறது.

பொருள் பிரிப்பதற்கன்றியும் நிறுத்தம் தேவை. கேட்போர்க்கு எண்ணிப் பார்க்க இடம் வேண்டும். படிப்பவர் புரியாத பக்கத்தை மீண்டும் புரட்டலாம். கேட்பவருக்கு அவ்வசதி இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பேசும்போது, ஒருவர் விரும்பினால் சொற்களை எண்ணிவிடலாம் எனும் அளவுக்குத் தெளிவாகப் பேசினார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது, பேச்சாளர் ஒவ்வொருவரும் நெஞ்சில் இருத்தத்தக்கது.

நம் இளைஞர்கள் நிறுத்தத்தைக் கண்டு அஞ்சி, அந்த இடைவெளியை ‘வந்து’, ‘அதாவது’, ‘என்ன சொல்ல வருகிறேன் என்றால்’ போன்ற சொற்களால் நிரப்புகின்றனர். அவற்றுக்கு மாற்று மௌனமே. பேசுபவருக்கு நெடுநேரமாகத் தோன்றும் இரண்டு நொடி அமைதி, கேட்பவருக்கு இயல்பான மூச்சாகவே தோன்றும். செல்பேசியில் உங்கள் உரையை ஒருமுறை பதிந்து கேளுங்கள், இவ்வுண்மை விளங்கும். அந்நாளில் நாங்கள் ஒலிநாடாப் பெட்டிக்காக ஊரெல்லாம் அலைந்தோம். இன்றைய மாணவர் கையிலேயே கருவி இருக்கிறது. பிறர் உரையைக் கேட்க மட்டும் அதைப் பயன்படுத்தாமல் தம் குரலையும் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

கண், கை, ஒலிவாங்கி

மேடைக்கு வந்ததும் உடனே பேசத் தொடங்குதல் கூடாது. இரு பாதங்களையும் ஊன்றி நின்று, அவையை ஒருமுறை நோக்கி, ஒரு மூச்சு எடுத்தபின் தொடங்க வேண்டும். பார்வை முன்வரிசைப் பெரியோரிடமே நின்றுவிடாமல் கடைசி வரிசைக்கும் செல்ல வேண்டும். ஒரு கருத்தை ஒருவரை நோக்கிச் சொல்லி முடித்து, அடுத்த கருத்துக்கு வேறு பக்கம் திரும்புவது நலம். மின்விசிறி சுழல்வதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டே இருத்தல் பயனற்றது. கைகள் இயல்பாகத் தொங்கட்டும். கருத்து கேட்கும்போது அவை தாமாகவே எழும். மேசையைக் குத்துவது, சட்டைப் பொத்தானைத் திருகுவது, முந்தானை நுனியைச் சுருட்டுவது ஆகிய பழக்கங்களை நண்பர் ஒருவரைக் கொண்டு கண்டறிந்து விலக்குக.

ஒலிவாங்கியைத் தட்டுவதும் ஊதுவதும் வேண்டா. வாய்க்கும் அதற்கும் ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளி விட்டு, சற்றே பக்கவாட்டில் நின்று பேசினால் பகரம் வெடித்து ஒலிக்காது. அதன்முன் உரக்கக் கத்துதல், செவிக்கருகில் நிற்பவரிடம் கத்துவதற்கு ஒப்பாகும். எதிரொலி மிக்க அரங்கில் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

காலம் அறிதல்

1863 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் நகரில் போரில் மாண்டவர்க்கான கல்லறைத் திடல் அர்ப்பணிக்கப்பட்டது. புகழ்பெற்ற நாவலர் எட்வர்டு எவரெட் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பேசினார். அவருக்குப்பின் எழுந்த ஆபிரகாம் லிங்கன் சில நிமிடங்களிலேயே அமர்ந்தார். உலகம் நினைவில் வைத்திருப்பது லிங்கன் உரையை. தொழுகையை நீட்டி, குத்பா உரையைச் சுருக்குதல் ஒருவருடைய அறிவின் அடையாளம் என்னும் கருத்தமைந்த நபிமொழியும் ஈண்டு நினையத்தக்கது.

நம் மேடைகளில் காலத்தைப் பெரிதும் விழுங்குவது ‘அவர்களே’ வரிசை. ஐந்து நிமிடம் பெற்ற மாணவர், இரண்டு நிமிடத்தை விளிகளிலேயே செலவிடுகிறார். தலைவரையும் அவையோரையும் ஒரு தொடரில் வணங்கிப் பொருளுக்குள் நுழைதலே சிறப்பு. மாணவர்க்கு இதைச் சொல்லும் உரிமை, மேடையில் காலம் கடத்தாத பெரியோர்க்கே உண்டு என்பதையும் பணிவோடு குறிப்பிடுகிறேன்.

குறிப்பட்டை

மனப்பாடம் முற்றிலும் வேண்டா என்பதில்லை. முதல் இரண்டு தொடர்களும் கடைசி இரண்டு தொடர்களும் நெஞ்சில் பதிந்திருக்க வேண்டும். முதலாவது அச்சத்தைக் கடக்கவும், பின்னது தடுமாறாமல் முடிக்கவும் உதவும். எண்களையும் பெயர்களையும் மேற்கோள்களையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இடைப்பகுதியை நான்கைந்து தலைச்சொற்களாக ஒரு சிறு அட்டையில் குறித்தால் போதும். அத்தலைச்சொற்களைக் கொண்டு ஒரே உரையை மும்முறை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு தொடர்களால் பேசிப் பாருங்கள். ஒரு சொல் நழுவினால் மற்றொரு சொல் கைகொடுக்கும். நான் எழுதிக் கொடுத்த உரையில் அந்த மாணவருக்கு அவ்வழியை அடைத்துவிட்டிருந்தேன்.

நினைவாற்றலின் உச்சியைத் தொட்ட சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு அவதானம் செய்து காட்டியவர். அவதானம் என்னும் சொல்லுக்குக் கவனித்தல் என்பது பொருள். மேடையில் நிற்பவருக்கும் ஒரு சிறு அவதானம் தேவை. தம் கருத்து, எதிரே உள்ள முகங்கள், கடிகாரம் ஆகிய மூன்றையும் ஒருங்கே கவனிக்க வேண்டும். ஒப்பிப்பவரால் இஃது இயலாது. அவர் கண் உள்ளே உள்ள ஏட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.

முடிவுரை

அந்த மாணவரின் கதை முடியவில்லை. அவர் இறுதியாண்டு பயின்றபோது கல்லூரி நூலக உதவியாளர் ஒருவர் பணி ஓய்வு பெற்றார். சிறு அறையில் நடந்த பிரிவு உபசார விழா. முதல்வரும் துறைத்தலைவர்களும் பேசி முடித்தபின், கதவருகே நின்றிருந்த அவர் என்னிடம் வந்து, “ஐயா, நானும் இரண்டு சொல் சொல்லலாமா?” என்று கேட்டார். கையில் தாள் இல்லை. தேர்வுக் காலத்தில் நூல் வாங்க இயலாத தமக்காக அவ்வுதவியாளர் ஒரு பாடநூலை மேசையடியில் எடுத்து வைத்துக் காத்திருந்ததையும், மாலையில் பூட்டும் நேரம் கடந்தும், “இன்னும் இரண்டு பக்கம்தானே, படித்துவிட்டுப் போ” என்று சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதையும் சொன்னார். எதுகை இல்லை, மோனை இல்லை. சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றுவிட்டார். சில நொடிகள் பேச்சு எழவில்லை.

போட்டி மேடையில் நின்ற அதே நிற்றல்தான். அன்று கைதட்டினார்கள். இன்று ஒருவரும் அசையவில்லை. மீண்டும் தொடங்கி, “அவர் இல்லையென்றால் நான் தேறியிருக்க மாட்டேன்” என்று கூறி அமர்ந்தார். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். கடைசிச் சொல் அறையின் மூலை வரை தெளிவாகக் கேட்டது. விழா முடிந்ததும் அவரிடம் சென்று, பேருந்தில் நான் சொன்ன சொல்லுக்காக வருத்தம் தெரிவித்தேன். “அதை எப்பவோ மறந்துட்டேன் ஐயா” என்றார். அவர் மறந்தாரோ இல்லையோ, நான் மறக்கவில்லை.

ஆகவே ஆசிரியப் பெருமக்களே, மாணவர்க்கு உரை எழுதிக் கொடுப்பதை நிறுத்துவோம். அவர்கள் அறிந்ததைப் பேசச் செய்து, மூச்சையும் ஒலிப்பையும் நிறுத்தத்தையும் திருத்துவோம். சமுதாயப் பெரியோர்களே, உங்கள் கூட்டங்களில் ஓர் இளைஞருக்கும் ஓர் இளம்பெண்ணுக்கும் ஐந்தைந்து நிமிடம் ஒதுக்குங்கள். அவர்கள் தடுமாறினால் பொறுத்திருங்கள். மாணவர்களே, நாளொன்றுக்குப் பத்து நிமிடம் உரக்கப் படியுங்கள். வாரம் ஒரு முறை நண்பர் ஐவர் முன் மூன்று நிமிடம் பேசுங்கள். பேச வேண்டிய நாள் வரும். அந்நாளில் உங்கள் நியாயம் உங்கள் நாவில் தெளிவாக நிற்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.